கிலோமீட்டருக்கு ஒருவர்

மார்ச் 3

மூன்று பேர். அண்டார்க்டிகாவின் கரையோரத்தில் இருக்கும் ஹெர்குலிஸ் இன்லெட்டில் தொடங்கி தென் துருவம் வரை சுமார் 1,130 கிலோமீட்டர், ஸ்கீ கட்டையில், சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு. உடம்பைத் தேற்றிவிடலாம், பணத்தைத்தான் தேற்ற முடியவில்லை. செலவில் பெரும்பங்கு விமானத்துக்கும் மீட்புக் காப்பீட்டுக்கும் போகிறது. கூடாரம் வாங்கித் தருகிறேன் என்று இதுவரை எட்டுப் பேர் சொல்லிவிட்டார்கள். எங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு கூடாரம். காப்பீட்டுக்கு ஒருவரும் இல்லை. அதன்மேல் யார் பெயரை எழுத முடியும்?

மார்ச் 9

பழைய கதைகளைப் படித்தேன். 1910இல் பிரிட்டனின் ஸ்காட் தென் துருவத்துக்குக் கிளம்பியபோதும் இதே கதைதான். பள்ளிப் பிள்ளைகள் காசு சேர்த்துக் குதிரை, நாய், உறக்கப் பை என்று வாங்கித் தந்திருக்கிறார்கள். அவருக்குப் பின் அண்டார்க்டிகா போன ஷாக்கிள்டனுக்கு 24,000 பவுண்டு கொடுத்தவர் ஜேம்ஸ் கெயர்ட், சணல் ஆலை முதலாளி. நன்றிக்காக ஒரு படகுக்கு அவர் பெயரை வைத்தார்கள். கப்பல் பனியில் சிக்கி மூழ்கியபின், 1916இல் எலிஃபண்ட் தீவிலிருந்து ஆறு பேர் தெற்கு ஜார்ஜியாவுக்கு உதவி தேடிப் போனது அந்தப் படகில்தான். ஆக, பெயர் எழுதிக் கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மார்ச் 21

கை கொடுப்பதாகச் சொன்ன நிறுவனம் பின்வாங்கிவிட்டது. இரண்டு வரி மின்னஞ்சல்.

ஏப்ரல் 6

கிலோமீட்டரையே விற்கிறோம். ஆளுக்கு ஒன்று, பணம் பொதுக் கணக்குக்கு, அதாவது காப்பீட்டுக்கும் சேர்த்து. கடைசி கிலோமீட்டருக்கு ஒரே அடிதடி. 400க்கும் 700க்கும் நடுவே ஈ, காக்கை இல்லை. காற்று பனியை வரப்பு வரப்பாக அறுத்து வைத்திருக்கும் வழி அது. அங்கேதான் ஆள் துணை வேண்டும்.

ஏப்ரல் 19

இடுப்பில் கயிறு கட்டி இரண்டு டயர்களை இழுத்துப் பயிற்சி. ஒரு பையன் கூடவே ஓடிவந்து, "அண்ணா, வண்டி எங்கே?" என்றான். விளக்கிச் சொன்னதும் டயர்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். இழுத்தேன். அப்புறம் அவன் பாட்டி 587ஆம் கிலோமீட்டரை அவன் பெயருக்கு எடுத்துக்கொண்டார்.

ஏப்ரல் 27

ஜப்பானின் ஷிராசே பொதுமக்கள் நன்கொடையோடு அண்டார்க்டிகாவுக்குப் போனவர். 1912இல் திரும்பியபின் பல ஆண்டுகள் கடன் அடைத்தார். தூக்கம் வரவில்லை.

எழுந்து பட்டியலைக் குறிப்பேட்டில் பென்சிலால் எழுதத் தொடங்கினேன். அங்கே பேனா மை உறைந்துவிடும். ஒரு நாள் நடைக்கு இருபது பெயர் வரும், ராத்திரி கூடாரத்தில் வாசித்துக்கொள்ளலாம். 412 இன்னும் காலி.