லெலூஷின் 'பொலேரோ': நான்கு இசைக் குடும்பங்களும் ஒரு போரும்

கிளோத் லெலூஷ் 1981-இல் எடுத்த 'லெஸான் ஏ லெஸோத்ர்' என்ற பிரெஞ்சுப் படம் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடக்கூடியது. பிரான்சுக்கு வெளியே பல நாடுகளில் அது 'பொலேரோ' என்ற பெயரால்தான் அறியப்படுகிறது. 1984-இல் அதே பெயரில் வெளியான வேறொரு படத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தேடிப் பார்க்க விரும்புகிறவர்கள் ஆண்டைக் கவனித்துக்கொள்வது நல்லது. மாஸ்கோ, பெர்லின், பாரிஸ், நியூயார்க் ஆகிய நகரங்களில் இசையையோ நடனத்தையோ நம்பிப் பிழைக்கிற நான்கு குடும்பங்களை முப்பதுகளின் நடுவிலிருந்து 1980 வரை பின்தொடர்கிறது படம். இடையில் இரண்டாம் உலகப் போர் வந்து எல்லாரையும் கலைத்துப் போடுகிறது. போரைப் பற்றிய நீண்ட படங்கள் மீது எனக்குப் பொதுவாக நம்பிக்கை குறைவு; கூட்டத்தையும் குண்டுச் சத்தத்தையும் காட்டியே நேரத்தை நிரப்பிவிடுவார்கள். இதில் போர்க்களம் மிகக் கொஞ்சமாகத்தான் வருகிறது. போர் முடிந்த பிறகு யார் யாருக்கு என்ன தண்டனை கிடைத்தது, யார் தப்பித்தார்கள், அந்தக் கணக்கை அடுத்த தலைமுறை எப்படித் தூக்கிச் சுமந்தது என்பதே படத்தின் உண்மையான அக்கறை. அந்த அக்கறை படத்தின் கடைசிப் பகுதி வரை நீடிக்கிறதா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

மாஸ்கோவில் பாலே நடனப் போட்டியொன்றில் தோற்றுப்போகும் தத்தியானாவை, நடுவர்களில் ஒருவனான போரிஸ் மணக்கிறான். போர் அவனைக் கொண்டுபோகிறது. அவர்களுடைய மகன் செர்கேய் பெரிய நடனக் கலைஞனாகிப் பாரிஸ் வந்த இடத்தில் மேற்கு நாடுகளில் தஞ்சம் புகுகிறான். பெர்லினில் கார்ல் கிரெமர் என்ற இளம் பியானோ கலைஞன் ஹிட்லர் முன்னிலையில் வாசித்துப் பாராட்டுப் பெறுகிறான். பாரிஸில் இசைக்குழுவொன்றில் வயலின் வாசிக்கும் ஆனும், பியானோ வாசிக்கும் சிமோன் மேயர் என்ற யூதரும் காதலித்து மணந்துகொள்கிறார்கள். நியூயார்க்கில் ஜாக் கிளென் என்பவர் பெரிய ஜாஸ் வாத்தியக் குழுவொன்றை நடத்துகிறார். பாத்திரங்கள் எல்லாம் கற்பனைதான் என்றாலும், ரஷ்ய நடனக் கலைஞர் ருடால்ஃப் நுரெயெவ், இசைநடத்துநர் ஹெர்பர்ட் ஃபான் கராயன், பிரெஞ்சுப் பாடகி எடித் பியாஃப், அமெரிக்க ஜாஸ் குழுத் தலைவர் கிளென் மில்லர் ஆகியோரின் நிழல் அவர்கள் மீது விழுவதைத் தெரிந்தவர்கள் உடனே கண்டுகொள்வார்கள். நுரெயெவ் 1961 ஜூன் 16 அன்று பாரிஸின் லெ பூர்ஜே விமான நிலையத்தில் சோவியத் குழுவை விட்டு விலகிய செய்தி அந்தக் காலத்தில் உலகம் முழுவதும் பேசப்பட்டது.

முதல் தடவை பார்க்கும்போது படத்தைப் பின்தொடர்வது சற்றுச் சிரமம்தான். காரணம், பெற்றோராக நடித்தவர்களே பிள்ளைகளாகவும் வருகிறார்கள். போரிஸும் செர்கேயும் ஹோர்ஹே தோன். சிமோனும் அவர் மகனும் ரோபேர் ஓசேன். அமெரிக்கப் பாடகியும் அவள் மகளும் ஜெரால்டின் சாப்ளின். இரட்டை வேடத்தைப் பார்த்துப் பழகிய நம் கண்களுக்கு இது புதிதல்ல. ஆனால் நம் படங்களில் அப்பாவுக்கு நரைத்த மீசையும் மகனுக்கு வேறு நடையும் கொடுத்து வித்தியாசப்படுத்துவதில் நடிகரின் திறமை இருக்கும். லெலூஷ் அப்படி எதையும் கேட்பதில்லை. செத்துப்போனவன் முகம் இருபது ஆண்டு கழித்து அப்படியே தெருவில் நடந்து வருகிறது. பார்க்கிற நமக்குத் தெரிகிறது, உடன் நடப்பவர்களுக்குத் தெரிவதில்லை. தன் அப்பா யாரென்றே அறியாத ஒருவன் அப்பாவின் முகத்தோடு உலவுவதை வேறு எந்த உத்தியும் இவ்வளவு சிக்கனமாகச் சொல்லியிருக்காது.

படம் முழுவதையும் தாங்கி நிற்பது மோரிஸ் ராவெல் 1928-இல் எழுதிய பொலேரோ. இடா ரூபின்ஸ்டைன் என்ற நடனக் கலைஞருக்காக எழுதப்பட்டு, அதே ஆண்டு நவம்பர் 22 அன்று பாரிஸ் ஆப்பராவில் அரங்கேறியது. சைடு டிரம் ஒன்று இரண்டு தாளச் சுற்று நீளமுள்ள ஒரே தாள அமைப்பைத் தொடக்கம் முதல் முடிவு வரை 169 முறை வாசித்துக்கொண்டே போக, அதன் மேல் ஒரே மெட்டு புல்லாங்குழலில் தொடங்கி, கிளாரினெட், பாசூன், சாக்ஸபோன் எனக் கைமாறிக் கைமாறி, வாத்தியங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, கடைசியில் முழு இசைக்குழுவும் இடி இடிப்பதுபோல முழங்கி முடியும். வேகம் கூடுவதில்லை, கனம்தான் கூடுகிறது. லெலூஷின் திரைக்கதையும் அப்படியே அமைந்தது: காதல், பிரிவு, சாவு, பிள்ளை என்ற ஒரே மெட்டு நான்கு ஊர்களில் நான்கு மொழிகளில் கைமாறுகிறது. பொலேரோவைத் தேர்ந்தெடுத்ததில் இன்னொரு பொருத்தமும் உண்டு. ராவெலே முதல் உலகப் போரில் வெர்டன் பகுதியில் ராணுவ லாரி ஓட்டியவர். போரில் இறந்த நண்பர்கள் பெயரில் ஒரு பியானோத் தொகுப்பின் பகுதிகளைச் சமர்ப்பித்தவர். அதே போரில் வலது கையை இழந்த வியன்னாப் பியானோ கலைஞர் பால் விட்கென்ஸ்டைனுக்காக இடது கையால் மட்டுமே வாசிக்கத்தக்க கான்செர்ட்டோ (இசைக்குழுவோடு தனி வாத்தியம் இசைக்கும் படைப்பு) ஒன்றை எழுதிக் கொடுத்தவர்.

படத்தில் யாராலும் மறக்க முடியாத காட்சி மேயர் தம்பதியின் ரயில் பயணம். வதை முகாமுக்குப் போகும் வண்டி வழியில் ஓரிடத்தில் நிற்கிறது. கைக்குழந்தையாவது பிழைக்கட்டும் என்று அதைத் தண்டவாளத்தில் விட்டுவிட முடிவு செய்கிறார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறவர் எப்படிப்பட்டவராக இருப்பார், யாராவது தூக்குவார்களா, மாட்டார்களா என்று எதுவும் தெரியாமல், எவனோ ஒரு மனிதன் மீது வைத்த நம்பிக்கை அது. சிமோன் விஷவாயு அறையில் சாகிறார். ஆன் உயிரோடு திரும்புகிறாள். திரும்பியவள் அந்தப் பகுதிக்குப் போய்ப் போய்க் குழந்தையைத் தேடுகிறாள். ஆனாக நடிக்கும் நிக்கோல் கார்சியா இந்தத் தேடலை அழுது தீர்க்காமல், வேலைக்குப் போகிறவள் போல நிதானமாகச் செய்வதால்தான் அது நெஞ்சை அறுக்கிறது.

ஆனின் கதை மிகைப்படுத்தியதாகத் தோன்றினால், நிஜ வாழ்க்கையில் நடந்தவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வியன்னா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவின் முதல் வயலின் கலைஞராகப் பல பத்தாண்டுகள் இருந்த அர்னோல்ட் ரோசேயின் மகளும், இசையமைப்பாளர் குஸ்டாவ் மாலரின் மருமகளுமான (மாலரின் தங்கை மகள்) அல்மா ரோசே, பிரான்சில் பிடிபட்டு 1943-இல் ஆஷ்விட்ஸ் வதை முகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கே பெண் கைதிகளின் இசைக்குழுவை நடத்தினார். 1944 ஏப்ரலில் முகாமிலேயே இறந்தார். அவர் குழுவில் செல்லோ வாசித்த பதின்பருவப் பெண் அனிதா லாஸ்கர் உயிர் பிழைத்து இங்கிலாந்து சென்று, இங்கிலீஷ் சேம்பர் ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். அவர் மகன் ரஃபேல் வால்ஃபிஷ் புகழ்பெற்ற செல்லோ கலைஞர். பேரன் பெஞ்சமின் வால்ஃபிஷ் இன்று ஹாலிவுட்டில் இசையமைப்பாளர். செல்லோ வாசிக்கத் தெரிந்திருந்தது என்ற ஒரே காரணத்துக்காகச் சாவிலிருந்து விலக்கி வைக்கப்பட்ட ஒரு பெண்ணின் வழியில் மூன்று தலைமுறை இசைக்கலைஞர்கள். லெலூஷ் எழுதியிருந்தால் திரைக்கதைக்காக ஜோடித்தது என்று சொல்லியிருப்போம்.

இனி கிரெமருக்கு வருகிறேன். இந்தப் படத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே அவனால்தான். ஜெர்மானியர் வசம் இருந்த பாரிஸில் ராணுவ வாத்தியக் குழுவின் தலைவனாக இருக்கிறான் கிரெமர். அங்கே எவ்லின் என்ற பிரெஞ்சுப் பாடகியோடு அவனுக்கு உறவு ஏற்படுகிறது. பாரிஸ் விடுதலையானதும் அவள் தலை மழிக்கப்படுகிறது. வயிற்றுப் பிள்ளையோடு சொந்த ஊருக்குத் திரும்புகிறாள். இது சினிமாவுக்காகச் செய்த கற்பனை இல்லை. எதிரியோடு பழகினார்கள் என்று குற்றஞ்சாட்டி, பிரான்சில் சுமார் 20,000 பெண்களுக்கு அப்படிப் பொது இடங்களில் மொட்டையடித்தார்கள். அதே காலத்தில் அதே உறவில் இருந்த ஆண் என்ன ஆனான்? ஜெர்மனிக்குத் திரும்பி, உலகப் புகழ் பெற்ற இசைநடத்துநர் ஆனான். லெலூஷ் இந்த இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி வசனம் பேச வைப்பதில்லை. அடுத்தடுத்து வெட்டிக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

கிரெமருக்குக் கணக்குத் தீர்க்கும் நாள் நியூயார்க்கில் வருகிறது. கச்சேரிக்கு எல்லாச் சீட்டுகளும் விற்றுத் தீர்ந்ததாகச் சொல்கிறார்கள். மேடைக்கு வந்தால் அரங்கம் காலி. யூதர்கள் மொத்தச் சீட்டுகளையும் வாங்கிக்கொண்டு ஒருவரும் வராமல் இருந்துவிட்டார்கள். விமர்சகர்கள் மட்டும் உட்கார்ந்திருக்கிறார்கள். கூச்சல் போட்டு நிறுத்தியிருந்தால் அவன் பாதிக்கப்பட்டவன் ஆகியிருப்பான். காசு கொடுத்து வாங்கிய காலி இருக்கைகள் அந்த வசதியை அவனுக்குத் தரவில்லை. அவன் இசைக்குழுவின் பக்கம் திரும்பி, கோலை உயர்த்தி, நிகழ்ச்சியை முழுவதும் நடத்துகிறான். கிரெமராக நடிக்கும் டேனியல் ஓல்பிரிக்ஸ்கியின் முதுகும் தோளும் மட்டுமே அங்கே நடிக்கின்றன. நிஜத்தில் கராயனுக்கு இவ்வளவு நேரவில்லை. நாஜிக் கட்சி உறுப்பினராக இருந்த அவர் 1955-இல் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கோடு அமெரிக்கா சென்றபோது நியூயார்க்கின் கார்னகி ஹாலுக்கு வெளியே ஆர்ப்பாட்டம் நடந்தது, கச்சேரியும் நடந்தது. மாறாக, கட்சியிலேயே சேராத ஜெர்மானிய இசைநடத்துநர் ஃபுர்ட்வெங்ளருக்குச் சிகாகோ சிம்பொனி இசைக்குழுவோடு ஏற்பட்ட ஒப்பந்தம், பியானோ கலைஞர் விளாதிமிர் ஹொரோவிட்ஸ் போன்றவர்களின் எதிர்ப்பால் 1949-இல் கைவிடப்பட்டது. தண்டனை ஆளுக்கேற்றபடி விழுந்ததற்கு இசை வரலாற்றிலேயே இப்படி எத்தனையோ உதாரணங்கள்.

இதில் இன்னொரு இழையும் உண்டு. படத்துக்கு இசை அமைத்தவர்கள் பிரான்சிஸ் லே, மிஷேல் லெக்ரான் என்ற இருவர். லே அக்கார்டியன் கலைஞர், பியாஃபுக்குப் பாட்டுக்கு மெட்டுப் போட்டவர். லெக்ரானோ பிறவியிலேயே இசைக் குடும்பத்துப் பிள்ளை. அக்கா கிறிஸ்டியான் பாடகி. அப்பா ரேமோன் லெக்ரான், ஜெர்மானியர் கட்டுப்பாட்டில் இருந்த ரேடியோ பாரிஸில் வாத்தியக் குழு நடத்தியவர். கிரெமரின் பாரிஸ் காட்சிகளுக்கு இசை எழுதும்போது மகன் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்று நினைக்காமல் என்னால் அந்தப் பகுதியைப் பார்க்க முடிவதில்லை. இயக்குநர் லெலூஷ் 1937-இல் பிறந்த யூதக் குழந்தை. ஆக்கிரமிப்புக் காலத்தில் அம்மா அவரைத் திரையரங்குகளில் உட்கார வைத்து ஒளித்துக் காப்பாற்றியதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். ஆக, படத்தை எடுத்தவர்களே படத்துக்குள் வரத் தகுந்தவர்கள்தான்.

அமெரிக்கக் கிளை எனக்குப் பலவீனமாகவே படுகிறது. ஜேம்ஸ் கானும் ஜெரால்டின் சாப்ளினும் நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் மற்ற மூன்று குடும்பங்களின் வீட்டுக்குள் போர் புகுந்துவிட, கிளென் குடும்பத்துக்கு அது வெளியூர்க் கச்சேரிபோல நடந்து முடிகிறது. ஒருவேளை லெலூஷ் சொல்ல விரும்பியதும் அதுதானோ என்னவோ.

முடிவுக் காட்சி பாரிஸின் ட்ரோகாடேரோவில், ஈஃபில் கோபுரத்துக்கு எதிரே, செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் யுனிசெஃபுக்கும் நிதி திரட்டும் கலை நிகழ்ச்சி. நடனம் மோரிஸ் பெஜார் 1961-இல் பிரசெல்ஸில் துஷ்கா சிஃப்னியோஸ் என்ற பெண் கலைஞருக்காக அமைத்தது. பின்னாளில் அதை ஆடிய முதல் ஆண் ஹோர்ஹே தோன். பெரிய வட்ட மேசை. தொடக்கத்தில் இருட்டு, வெளிச்சத்தில் ஒரே ஒரு கை மட்டும் தெரிகிறது, அது மெதுவாக எழுந்து உடம்பில் இறங்குகிறது, பிறகு மறு கை. முழு உடம்பு தெரிய வெகு நேரமாகிறது. முழங்காலின் சிறு மடிப்பில் தாளத்தை அடித்துக்கொண்டே, மெட்டை மட்டும் கைகளுக்குக் கொடுக்கிறார் தோன். சுற்றி நாற்காலிகளில் இருக்கும் ஆட்கள் வாத்தியங்கள் சேரச் சேர எழுந்து மேசையை நெருங்குகிறார்கள். கோலைப் பிடித்திருப்பவன் கிரெமர். பாடுகிறவர்கள் அமெரிக்கப் பாடகியின் மகளும், ஆன் மேயரின் பேரனும்.

ஆட்டத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. என் மனத்தாங்கல் வேறு. காலி அரங்கத்தில் அவ்வளவு கூர்மையாக நிறுத்திய கேள்வியை லெலூஷ் இங்கே கைவிட்டுவிடுகிறார். விஷவாயு அறையில் செத்தவரின் பேரனும், ஹிட்லரிடம் பாராட்டு வாங்கியவரும் ஒரே மேடையில் நிற்பது அழகான ஏற்பாடு. அந்த ஏற்பாட்டுக்கு அந்தப் பேரன் சம்மதித்தானா, கிரெமர் யாரென்று அவனுக்குத் தெரியுமா என்று படம் கேட்பதில்லை. பொலேரோவின் முழக்கத்தில் கேட்கவும் வழியில்லை. மொட்டையடிக்கப்பட்ட எவ்லினுக்கு அந்த மேடையில் இடமே இல்லை.

இந்தக் கடைசி நடனத்தை மட்டும் வெட்டி இணையத்தில் போட்டிருக்கிறார்கள். நிறையப் பேர் அதை மட்டும் பார்த்துவிட்டுப் படத்தைப் பார்த்ததாகச் சொல்கிறார்கள். தோனின் ஆட்டத்தை ரசிக்க அது போதும். படத்தோடு சண்டை போட வேண்டுமென்றால் மாஸ்கோவிலிருந்து தொடங்கித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் மேடையில் யார் யார் இருக்கிறார்கள் என்பதும், யார் இல்லை என்பதும் முந்தைய இரண்டரை மணி நேரத்தைப் பார்த்தவர்களுக்கு மட்டுமே தெரியும்.