கால் முறிவுக்கு எவ்வளவு கிடைக்கும்? எம்.சி.ஓ.பி. தொகை உருவாகும் விதம்

"கால் ஒடிஞ்சிருக்கு, எவ்வளவு சார் வரும்?" சாலை விபத்து இழப்பீட்டு வழக்குகளில் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். காலுக்கென்று விலைப்பட்டியல் எதுவும் கிடையாது. ஒரே எலும்பு ஒரே இடத்தில் முறிந்த இரண்டு பேரில் ஒருவருக்கு ஒன்றரை லட்சமும் மற்றவருக்குப் பன்னிரண்டு லட்சமும் தீர்ப்பாகலாம். இரண்டுமே சட்டப்படி சரியாகவும் இருக்கலாம்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 166-இன் கீழ் தீர்ப்பாயத்தில் போடும் மனுவைத்தான் எம்.சி.ஓ.பி. என்கிறோம். அதில் பெருந்தொகை வருவது ஒரே தலைப்பில்: நிரந்தர ஊனத்தால் இனிமேல் குறையப்போகும் வருமானம். மற்றவை (வலி வேதனை, சத்துணவு, போக்குவரத்து, உடனிருந்து கவனித்தவருக்கான செலவு, கிழிந்த துணிமணிக்கு ஓர் ஆயிரம்) எல்லாம் சேர்ந்தாலும் பெரும்பாலும் அதற்குப் பக்கத்தில் நிற்காது.

கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். வயது 32, மாத வருமானம் 15,000, சொந்தத் தொழில். 40 வயதுக்குக் கீழ் இருப்பதால் எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்த்தால் 21,000. ஆண்டுக்கு 2,52,000. உச்ச நீதிமன்றம் 2009-இல் சர்லா வர்மா வழக்கில் வகுத்த அட்டவணைப்படி 31 முதல் 35 வயது வரை மல்டிப்ளையர் (வயதைப் பொறுத்து ஆண்டு வருமானத்தைப் பெருக்கும் எண்) 16. பெருக்கினால் 40,32,000. வருமானம் ஈட்டும் திறனில் 30 சதவீதம் போயிற்று என்று தீர்ப்பாயம் முடிவு செய்தால் 12,09,600. உயிரிழப்பு வழக்கில் செய்வதுபோல சொந்தச் செலவுக்கென்று கழிப்பது காயவழக்கில் கிடையாது. ஆள் உயிரோடுதானே இருக்கிறார், சாப்பிட வேண்டாமா?

டாக்டர் தந்த ஊனச் சான்றிதழில் அதே 30 சதவீதம் இருந்தும், "இந்த ஊனத்தால் இவர் பிழைப்பு கெடவில்லை" என்று தீர்ப்பாயம் கருதினால் கதையே வேறு. தமிழ்நாட்டில் அப்போது ஒரு சதவீதத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. சதவீதத்துக்கு 5,000 என்று வைத்தாலும் 1,50,000-இல் முடிந்துவிடும்.

ஆகவே வழக்கின் உயிர் அந்தச் சதவீதத்தில் இருக்கிறது. இங்கே பலரும் ஏமாறுவது ஒரு சொல்லில். டாக்டர் எழுதுவது உடல் ஊனம். தீர்ப்பாயத்துக்கு வேண்டியது தொழில் ஊனம். 2010-இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. இடது கை போன ஓட்டுநருக்கோ தச்சருக்கோ வருமான இழப்பு கிட்டத்தட்ட நூறு சதவீதம். அதே கை போன அரசு எழுத்தருக்கு வேலை அப்படியே இருந்தால் அந்தத் தலைப்பில் எதுவும் இல்லாமலும் போகலாம். இன்னொன்று, ஒரு காலில் 45 சதவீதம் என்றால் முழு உடலுக்கும் 45 என்று பொருள் கிடையாது. சான்றிதழில் "காலுக்கு" என்று இருக்கிறதா, "முழு உடலுக்கு" என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எழுதாமல் விட்டிருந்தால் குறுக்கு விசாரணையில் இன்சூரன்ஸ் வக்கீல் அதைத்தான் முதலில் பிடிப்பார்.

சிகிச்சை தந்த டாக்டர் சாட்சி சொன்னால் அதற்கு மதிப்பு அதிகம். ஒருநாள்கூட வைத்தியம் பார்க்காமல் எக்ஸ்ரேயை மட்டும் பார்த்துச் சதவீதம் போட்டுக் கொடுப்பவர்களை நம்பக்கூடாது என்று அதே ராஜ்குமார் தீர்ப்பே எச்சரிக்கிறது. சந்தேகம் வந்தால் தீர்ப்பாயம் மெடிக்கல் போர்டுக்கு அனுப்பிவிடும். அங்கே எண் குறைந்து வருவது புதிதல்ல. டாக்டரிடம் சதவீதத்தோடு நிறுத்தாமல் செய்கையையும் எழுதி வாங்குங்கள்: முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது, சம்மணம் போட முடியுமா, படியேற முடியுமா, எத்தனை சென்டிமீட்டர் கால் குட்டை. கொத்தனார் சாரத்தில் ஏற முடியாது என்பதை நீதிபதி அந்த வரிகளிலிருந்துதான் முடிவு செய்வார். வெறும் "35%" அதைச் சொல்லாது.

அடுத்து வருமானம். சம்பளக்காரருக்கு ஃபார்ம் 16, சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு. கடைக்காரருக்கு விபத்துக்கு முந்தைய ஆண்டுகளின் வருமான வரிக் கணக்கு; விபத்துக்குப் பிறகு அவசரமாகத் தாக்கல் செய்ததை யாரும் மதிப்பதில்லை. எந்தக் காகிதமும் இல்லாதவருக்கும் வழி இருக்கிறது. சையது சாதிக் வழக்கில் (2014) ஆவணம் எதுவும் இல்லாத காய்கறி வியாபாரிக்கு மாதம் 6,500 என்று உச்ச நீதிமன்றமே எடுத்துக்கொண்டது. விபத்து நடந்தது 2008-இல். வலது காலை இழந்த அவருக்குத் தொழில் ஊனம் 85 சதவீதம் என்றும் வைத்தது. குறைந்தபட்சக் கூலியே கடைசி வார்த்தை இல்லை என்று 2021-இல் சந்திரா வழக்கிலும் சொல்லியிருக்கிறது. ஆனாலும் தொழிலாளர் நலவாரிய அட்டை, சங்க உறுப்பினர் அட்டை, ஓட்டுநர் என்றால் பேட்ஜ், முதலாளியின் சாட்சியம் என்று கிடைப்பதையெல்லாம் சேர்ப்பது நல்லது.

வயதைப் பலர் அலட்சியமாக விடுகிறார்கள். 39 வயது என்றால் உயர்வு 40 சதவீதம், மல்டிப்ளையர் 15. 41 என்றால் 25 சதவீதம், 14. அதே 15,000 வருமானம், அதே 30 சதவீத ஊனத்துக்கு இந்த இரண்டு வயது வித்தியாசம் 1,89,000 ரூபாய். ஆதாரில் இருக்கும் பிறந்த தேதியும் பள்ளிச் சான்றிதழும் முரண்பட்டால் பள்ளிச் சான்றிதழைக் காட்டுங்கள். ஆதார் அடையாளத்துக்குத்தான், வயதுக்குச் சான்றாகாது என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இவ்வளவும் சேர்ந்த தொகையில் வெட்டு விழுவது கவனக்குறைவில். உங்கள் பக்கமும் 25 சதவீதம் தவறு என்றால் மொத்தத்தில் கால் பங்கு போய்விடும். இந்த வெட்டுக்கான விதை பல நேரம் விழுவது ஆஸ்பத்திரி வாசலில்தான். அடிபட்டவரைத் தூக்கி வந்தவர் பதற்றத்தில் "வண்டியிலேர்ந்து விழுந்துட்டார்" என்பார். டியூட்டி டாக்டர் ஏ.ஆர். புத்தகத்தில் (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடு) அதையே எழுதுவார். மூன்று நாள் கழித்து எஃப்.ஐ.ஆரில் "லாரி இடித்தது" என்று வரும். இன்சூரன்ஸ் தரப்பு ஏ.ஆர். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு "லாரி எங்கே வந்தது?" என்று கேட்கும். ஏ.ஆரில் என்ன இருக்கிறது என்று முதல் இரண்டு நாளிலேயே தெரிந்துகொள்ளுங்கள். அதைத் திருத்த முடியாது, திருத்தச் சொல்லவும் கூடாது. போலீஸிடம் வாக்குமூலம் தரும்போது ஆஸ்பத்திரியில் தகவல் சொன்னது யார், அவர் விபத்தைப் பார்த்தாரா என்பதைச் சேர்த்துச் சொல்லலாம். தாமதத்துக்கான காரணத்தையும் அப்போதே சொல்லிவிடுங்கள். மது வாடை என்று ஏ.ஆரில் எழுதியிருந்தால் அதுவும் பின்னால் எழும்.

மூன்று பேர் ஒரே பைக்கில் போனதால் மட்டும் கழிக்கக்கூடாது, விபத்துக்கு அது காரணமாக இருந்திருக்க வேண்டும் என்று 2020-இல் முகமது சித்திக் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. தலைக்காயத்தில் ஹெல்மெட் இல்லை என்பது வேறு விஷயம். அங்கே கழிவுக்குத் தயாராக இருங்கள். பின்னால் உட்கார்ந்து வந்தவருக்கோ, இரண்டு வண்டிகள் மோதியதில் இரண்டு பக்கமும் தவறு என்றாலும் அவர் தொகை குறையாது. எந்த ஒரு தரப்பிடமிருந்தும் முழுவதையும் வசூலிக்கலாம்.

பணம் யார் கொடுப்பார்கள் என்பதும் மதிப்பில் சேர்த்திதான். ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை என்றால் மூன்றாம் நபருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி உத்தரவு கிடைக்க வாய்ப்புண்டு. ஆனால் பைக்கில் வெறும் ஆக்ட் பாலிசி (சட்டம் கட்டாயமாக்கிய மூன்றாம் நபர் காப்பீடு மட்டும்) என்றால் அதே பைக்கின் பின்சீட்டில் இருந்தவருக்கு அந்த பாலிசி பொறுப்பேற்காது. பாலிசியே இல்லாத வண்டி என்றால் பத்து லட்சம் தீர்ப்பும் உரிமையாளரின் சொத்தைத் தேடி அலையும் காகிதம்தான். அதற்காக இன்சூரன்ஸ் உள்ள வேறு வண்டியை வழக்கில் நுழைக்கலாமே என்று யோசனை சொல்பவர்களிடமிருந்து ஓடிவிடுங்கள். தொகையும் போகும், கிரிமினல் வழக்கும் வரும்.

காலக்கெடுவையும் மறக்கக்கூடாது. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிரிவு 166(3), மனுப் போட விபத்து நாளிலிருந்து 6 மாதம் என்கிறது. வைத்தியம் முடியட்டும் என்று காத்திருக்காமல் மனுவைப் போட்டுவிடுங்கள், ஊனச் சான்றிதழ் பிறகு வரலாம். மனுத் தேதியிலிருந்துதான் வழக்கமாக வட்டியும் ஓடும். இங்கே பெரும்பாலும் 7.5 சதவீதம்.

லோக் அதாலத்தில் சமரசம் பேசும்போது எதிர்த்தரப்பு அதிகாரி மேலே போட்ட அதே கணக்கோடுதான் வருவார். அந்தத் தாளில் எதிர்கால உயர்வு சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். காயவழக்குக்கும் அது உண்டு என்று 2020-இல் பப்பு தேவ் யாதவ் வழக்கில் உறுதியான பிறகும் அது விடுபட்ட கணக்குகள் வருகின்றன. சில வருடக் காத்திருப்பும் மேல்முறையீடும் மிச்சம் என்பதால் கொஞ்சம் குறைத்து முடிப்பதில் தவறில்லை. எதிலிருந்து குறைக்கிறோம் என்று தெரிந்து குறைக்க வேண்டும். வக்கீல் கட்டணத்தைத் தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசுவது பார் கவுன்சில் விதிகளுக்கே விரோதம் என்பதும் நினைவிருக்கட்டும். வெற்றுத்தாளிலும் வெற்றுக் காசோலையிலும் கையெழுத்துப் போடாதீர்கள், பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கே வரட்டும்.

லோக் அதாலத் தீர்வுக்கு மேல்முறையீடு இல்லை. காலில் பிளேட் வைத்திருந்தால் அதை எடுக்கும் ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆகும் என்று மருத்துவமனையிலிருந்து எழுத்தில் வாங்கி, அந்தத் தொகையும் சேர்ந்த பிறகே கையெழுத்திடுங்கள். பிளேட்டை எடுக்க அடுத்த வருடம் நாற்பதாயிரம் ஆனாலும் அந்த வழக்கை மறுபடி திறக்க முடியாது.