தொழில் என்ற கட்டம்

எங்கள் பள்ளிப் பழைய மாணவர் மலர்க் குழு ஆண்டுதோறும் அனுப்பும் விவரப் படிவத்தில் பெயருக்குக் கீழே 'தொழில்' என்று ஒரு சின்னக் கட்டம் உண்டு. 18 வருடங்களாக அதில் 'சட்டத்தரணி' என்று யோசிக்காமல் எழுதி அனுப்பினேன். இரண்டு வருடத்துக்கு முன் அதை வெறுமையாக விட்டேன். மலர்ச் செயலாளர், என் வகுப்புக்காரன்தான், தொலைபேசியில் கூப்பிட்டான். "என்ன மச்சான், எழுத மறந்துபோனியோ?" மறக்கவில்லை. என்ன எழுதுவதென்று அப்போது எனக்கே தெரியாது.

எங்கள் விவாத அணிக்குப் பொறுப்பாக இருந்த சேரை என் காலத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தலைப்புக்கு ஆதரவாகப் பேச ஆயத்தமாகி எழும்புவோம். "பக்கத்தை மாத்து" என்பார். அப்படியே திரும்பி நின்று எதிர்த்துப் பேச வேண்டும். நான் அதில் கெட்டிக்காரன். ஒருநாள் பயிற்சி முடிந்தபின், "சேர், உண்மையிலை எந்தப் பக்கம் சரி?" என்று கேட்டேன். கரும்பலகையைத் துடைத்தபடியே, "மணி அடிச்சிட்டுது. இனி வீட்டை போய் நீயா யோசி" என்றார். மனுசன் நழுவுகிறார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

அந்த வித்தைதான் எனக்குச் சோறு போட்டது. சட்டத்தை விட்டுப் படிப்பிக்கப் போவதா, இருப்பதா என்ற என் சொந்த வழக்கு வந்தபோது அதுவே காலை வாரியது. மஞ்சள் தாளில் நடுவே கோடு கிழித்தேன். 'விட்டுப் போ' பக்கத்தில் ரஷ்ய ஓவியர் கண்டின்ஸ்கி: சட்டம் படித்துப் பேராசிரியர் பதவிவரை அழைப்பு வந்தும், 1896 இல், 30 வயதில், அதை மறுத்து ஓவியம் படிக்க மியூனிக் போனவர். 'இரு' பக்கத்தில் நம்முடைய சி. வை. தாமோதரம்பிள்ளை: கும்பகோணத்தில் வக்கீலாக இருந்துகொண்டே ஏடுகளைத் தேடி ஒப்பிட்டு, 1887 இல் கலித்தொகையை அச்சேற்றியவர். அப்புறம் புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தார். இரண்டு பக்கமும் வென்றன. மறுநாள் புதுத்தாள். மூன்று மாதம் இப்படியே போக, மனைவி ஒரு இரவு கேட்டாள்: "இஞ்சேருங்கோ, இந்த வழக்குக்கு இன்னும் எத்தனை தவணை?"

சட்டம் எனக்கு வெறுக்கவில்லை. ஒரு ஒப்பந்தத்தின் ஓட்டையைக் கண்டுபிடிக்கும் சுகம் இன்றைக்கும் உண்டு. என்னைத் தின்றது ஆறு நிமிடம். மணித்தியாலத்தைப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொரு ஆறு நிமிடமும் யாருடைய கோப்புக்கு என்று பதிய வேண்டும். ஏழு மணித்தியாலத்துக்கு 70 அலகு. சட்ட அலுவலகங்களில் இந்த நேரக் கணக்கைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் பொஸ்டன் சட்டத்தரணி ரெஜினால்ட் ஹீபர் சிமித். ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி கிடைக்கப் பாடுபட்டவரும் அவர்தான் என்பதை அறிந்தபோது அவரைத் திட்டக்கூட மனம் வரவில்லை. மகளுக்கு ஒரு பின்னேரம் கதை வாசித்தேன். முடிந்ததும் தலைக்குள் 'மூன்று அலகு' என்று ஓடியது. அன்று தாளில் கோடு கிழிக்கவில்லை.

உடனே ராஜினாமாக் கடிதம் எழுதினேன் என்று நினைக்காதீர்கள். சேர்த்து வைத்திருந்த விடுமுறையில் மூன்று வாரம் ஒரு பள்ளிக்கூடத்தில் உதவிக்கு நின்றேன். இதைத்தான் முதலே செய்திருக்க வேண்டும். ஒரு பையனின் கட்டுரையில் ஓரமெல்லாம் சிவப்பு மையால் உட்பிரிவு போட்டுத் திருத்தங்கள் எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவன், "சேர், நான் எழுதினதைவிட இது கூட" என்றான். அடுத்த கட்டுரைக்கு ஒரு வரிதான் எழுதினேன். அந்த ஒரு வரியை எழுத எனக்கு எவ்வளவு நேரம் போனதென்று கணக்கு இல்லை.

வெளியேறுவதும் ஒரு வேலைதான். கோப்புகளை ஒவ்வொன்றாகக் கைமாற்ற வேண்டும். கட்சிக்காரர் பணம் ஒரு சதம் பிசகாமல் போய்ச் சேர வேண்டும். அவர்கள் சொன்ன இரகசியங்கள் தொழிலை விட்டாலும் என்னோடுதான். காப்புறுதியில் இன்னொரு சிக்கல்: எங்கள் தொழிற் காப்புறுதி, தவறு நடந்த நாளைப் பார்ப்பதில்லை, உரிமைக்கோரிக்கை வந்து சேரும் நாளைத்தான் பார்க்கும். விலகிய பிறகு பழைய தவறு ஒன்று கதவைத் தட்டினால் பின்காலத்துக்கும் பாதுகாப்பு இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். யோசித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கச்சிமார் இதைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் பாதிக்குக் கீழே இறங்கியதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

இந்த வருடப் படிவத்தில் 'ஆசிரியர்' என்று எழுதி அனுப்பினேன். செயலாளர் திரும்பவும் கூப்பிட்டான். "முந்தின சட்டத்தரணி எண்டும் சேர்த்துப் போடன் மச்சான், மலருக்கு ஒரு கனமாயிருக்கும்."

கட்டம் சின்னது, இடம் காணாது என்று சொல்லிவிட்டேன்.