பாதியில் நிற்கும் அப்டேட்: டேட்டா போகாமல் பிக்சல் 6-ஐ மீட்பது எப்படி

பிக்சல் 6-இல் அப்டேட் இரண்டு மூன்று தடவை பாதியில் நின்றுவிட்டால், யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது ஃபேக்டரி ரீசெட். தயவுசெய்து அதில் கை வைக்காதீர்கள். போட்டோவோ சாட்டோ அழியாமல் சரிசெய்ய வழி இருக்கிறது. போன் பூட் ஆகாமல் கிடந்தாலும் ரெகவரி (போனைச் சரிசெய்வதற்கான தனி மெனு) திறந்தால் போதும்.

முதலில் ஸ்டோரேஜைப் பாருங்கள். இந்த போனில் சிஸ்டத்துக்கு ஏ, பி என்று இரண்டு ஸ்லாட். 2016-இல் முதல் பிக்சலோடு வந்த ஏற்பாடு இது. ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்றதில் புதியது எழுதப்படும், ரீஸ்டார்ட் செய்ததும் அதற்கு மாறும். புதியது பூட் ஆகாவிட்டால் பழையதற்கே திரும்பும். ஆண்ட்ராய்டு 11-இல் வந்த விர்ச்சுவல் ஏ/பி முறையில் இரண்டாம் ஸ்லாட்டுக்கென்று முழு இடம் ஒதுக்குவதில்லை. மாற்றங்களைத் தற்காலிகமாக வைக்க உங்கள் ஸ்டோரேஜிலிருந்தும் இடம் எடுத்துக்கொள்ளும். வாட்ஸ்அப் வீடியோக்களால் நிரம்பி வழியும் போனில் அப்டேட் நிற்பதற்கு இதுதான் காரணம். 6 ஜிபியாவது காலி செய்து, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, நல்ல வைஃபையில் மறுபடி முயன்று பாருங்கள். பாதிப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும். கடைசிக் கட்டத்தில் ஆப்களைப் புதிய சிஸ்டத்துக்கு ஏற்பத் தயார்செய்யும்போது நகராததுபோலவே தெரியும். பின்னணியில் மெதுவாக நடக்கும் வேலை அது. சார்ஜில் போட்டுவிட்டு விட்டுவிடுங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் சைட்லோட், அதாவது கம்ப்யூட்டரிலிருந்து கேபிள் வழியாக அப்டேட்டை ஏற்றுவது. வழக்கமாக போனுக்கு வரும் அப்டேட், பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் கொண்டது. பழைய பகுதியில் ஒரு பைட் மாறியிருந்தாலும் கணக்கு இடித்து நின்றுவிடும் (ரூட் செய்த, அதாவது சிஸ்டத்தையே மாற்றும் அனுமதி பெற்ற போன்களில் தோற்பது இதனால்தான்). முழு அப்டேட்டும் அடங்கிய 'முழு ஓடிஏ' ஃபைலுக்குப் பழையது தேவையே இல்லை.

கூகுளின் டெவலப்பர் தளத்தில் 'ஃபுல் ஓடிஏ இமேஜஸ்' பக்கத்திலிருந்து இறக்குங்கள். பக்கத்திலேயே இருக்கும் 'ஃபேக்டரி இமேஜ்' வேறு. அதற்கு பூட்லோடரை (போனை முதலில் எழுப்பும் புரோகிராம்) திறக்க வேண்டும், திறந்தால் எல்லாம் அழியும். பிக்சல் 6-க்கு 'ஓரியோல்', 6 ப்ரோவுக்கு 'ரேவன்', 6ஏ-வுக்கு 'ப்ளூஜே' என்ற பெயருள்ள ஃபைல். மாற்றி எடுத்தால் போன் ஏற்காது. போனில் இருப்பதைவிடப் பழைய பில்டையும் (பதிப்பையும்) ஏற்காது. இறக்கியதும் பக்கத்தில் கொடுத்திருக்கும் எஸ்ஹெச்ஏ-256 எண்ணோடு (ஃபைல் சேதமாகாமல் வந்ததா என்று காட்டும் எண்) சரிபாருங்கள். ஃபைலை அன்ஜிப் செய்யக் கூடாது.

கம்ப்யூட்டரில் பிளாட்ஃபார்ம் டூல்ஸின் புதிய பதிப்பு வேண்டும். கம்ப்யூட்டரிலிருந்து போனோடு பேசும் ஏடிபி என்ற கருவி அதில்தான் இருக்கிறது. பழைய ஏடிபி, பெரிய ஃபைலைப் படிக்க முடியாமல் திணறும். போனை அணைத்து, பவரையும் வால்யூம் டவுனையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் பூட்லோடர் திரை வரும். வால்யூம் பட்டனால் 'ரெகவரி மோட்' வரை நகர்ந்து பவரைத் தட்டுங்கள். சாய்ந்து கிடக்கும் ஆண்ட்ராய்டு பொம்மையும் 'நோ கமாண்ட்' என்ற வரியும் வரும். பயப்பட வேண்டாம். பவரை அழுத்திப் பிடித்தபடி வால்யூம் அப்பை ஒரு தட்டு தட்டினால் மெனு திறக்கும். அதில் 'அப்ளை அப்டேட் ஃப்ரம் ஏடிபி'. யுஎஸ்பி டீபக்கிங் (ஏடிபியை அனுமதிக்கும் செட்டிங்) ஆன் செய்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

கேபிளைச் செருகி, கம்ப்யூட்டரின் கமாண்ட் விண்டோவில் 'ஏடிபி டிவைசஸ்' (adb devices) கமாண்டைக் கொடுங்கள். சீரியல் எண்ணுக்குப் பக்கத்தில் 'சைட்லோட்' என்று வந்தால் சரி. விண்டோஸில் எதுவுமே வராவிட்டால் கூகுள் யுஎஸ்பி டிரைவரை நிறுவுங்கள், கேபிளையும் மாற்றிப் பாருங்கள். பிறகு 'ஏடிபி சைட்லோட்' (adb sideload) என்று கொடுத்து, ஓர் இடம் விட்டு ஃபைலின் பெயர்.

கம்ப்யூட்டர் திரையில் 47 சதவீதத்தோடு முடிந்துவிடலாம். தோற்றுவிட்டதென்று நினைத்து பலரும் கேபிளைப் பிடுங்குவது இங்கேதான். ஏடிபி, ஃபைலின் அளவைப் போல் ஏறக்குறைய 2.13 மடங்கு டேட்டா போகும் என்று வைத்துக்கொண்டு சதவீதம் போடுகிறது. போன் ஒரே முறை படித்தால் கணக்கு 47-இல் நிற்கும். நம்ப வேண்டியது போன் திரையை. அங்கே 'ஸ்டேட்டஸ் 0' என்று வந்தால் வெற்றி. அதன்பின் 'ரீபூட் சிஸ்டம் நவ்'.

பிக்சல் 6 வரிசைக்கு ஒரு வேலை கூடுதல். 2022 ஆகஸ்டில் வந்த ஆண்ட்ராய்டு 13, பூட்லோடர் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாதபடி பூட்டிவிட்டது. ஆண்ட்ராய்டு 12-இலிருந்து வந்த போனில் மற்ற ஸ்லாட்டில் பழைய பூட்லோடரே இருக்கும். பின்னால் ஏதாவது ஃபிளாஷ் செய்து (சிஸ்டத்தில் எழுதி), அது பூட் ஆகாமல் அந்த ஸ்லாட்டுக்குப் போன் திரும்பினால், எழுந்திருக்காமலே போகலாம். எனவே புதியது ஒருமுறை நன்றாக பூட் ஆனபின், அதே முழு ஓடிஏவை இரண்டாம் முறையும் சைட்லோட் செய்து ரீபூட் கொடுங்கள். இப்போது இரண்டு ஸ்லாட்டிலும் புதிய பூட்லோடர்.