செமினி நில வழக்கும் இந்திரா காந்தி தீர்ப்பும்

சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையில் கோர்ட்டுப் பேச்சு எடுத்தால் ஈப்போ இந்திரா காந்தி வழக்கில்தான் போய் நிற்கும். மூன்று பிள்ளைகளைத் தன் சம்மதமில்லாமல் கணவர் இஸ்லாத்துக்கு மாற்றியதை எதிர்த்து அந்தத் தாய் போட்ட வழக்கு அது. மதமாற்ற வழக்கு என்றே எல்லாரும் சொல்வார்கள். அதன் முதுகெலும்பு ஒரு நில வழக்கிலிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரியாது.

செமினி ஜெயா என்ற கம்பெனியின் வழக்கு. நெடுஞ்சாலைக்கு எடுத்த நிலத்துக்கு நஷ்டஈடு எவ்வளவு என்பதுதான் சண்டை. 1960ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் 40டி பிரிவுப்படி, உயர் நீதிமன்ற நீதிபதியோடு இரண்டு மதிப்பீட்டாளர்கள் உட்காருவார்கள். தொகையில் அவர்கள் சொன்னதே முடிவு. இருவரும் வேறு வேறு தொகை சொன்னால், நீதிபதி அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், அவ்வளவுதான். மலேசியாவின் மிக உயர்ந்த கோர்ட்டான கூட்டரசு நீதிமன்றம் 20 ஏப்ரல் 2017இல் அந்தப் பிரிவையே செல்லாததாக்கியது. தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் நீதிபதிக்கு உரியது, 1988இல் அரசமைப்புச் சட்டத்தின் 121ஆம் பிரிவைத் திருத்தியதால் அது போய்விடாது என்றது.

ஒன்பது மாதம் கழித்து, 29 ஜனவரி 2018இல், இந்திரா காந்தி தீர்ப்பு. இரண்டையும் எழுதியவர் நீதிபதி ஜைனுன் அலி. மதமாற்ற விஷயம் ஷரியா கோர்ட்டுக்கு உரியது, சிவில் கோர்ட் தலையிட முடியாது என்று 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சொல்லியிருந்தது. கூட்டரசு நீதிமன்றமோ, அரசு அதிகாரி சட்டப்படி நடந்தாரா என்று பார்ப்பது சிவில் கோர்ட்டின் வேலை, அதை வேறு யாருக்கும் தள்ளிவிட முடியாது என்றது. இதற்குச் செமினி தீர்ப்புதான் கைகொடுத்தது. தாய், தகப்பன் இருவர் சம்மதமும் வேண்டும் என்றும் சொல்லி, மூன்று பிள்ளைகளின் மதமாற்றச் சான்றிதழ்களை ரத்து செய்தது. இதே மாதிரி பிள்ளைகள் மதம் மாற்றப்பட்ட லோ சியூ ஹோங் என்ற தாயின் வழக்கிலும் 2024 ஜனவரியில் இதையே பின்பற்றினார்கள்.

இந்தத் தீர்ப்புகளை இனி அசைக்க முடியாது என்று நினைப்பது தப்பு. 2021இல் மரியா சின் வழக்கில், குடிநுழைவு முடிவுகளைக் கோர்ட் மறு ஆய்வு செய்வதைத் தடுக்கும் குடிநுழைவுச் சட்டத்தின் 59ஏ பிரிவு செல்லும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். தீர்ப்பு வேறு, அமலாக்கம் வேறு என்பதும் உண்டு. இந்திராவின் முன்னாள் கணவரைக் கைது செய்யும்படி போலீஸ் படைத் தலைவருக்கு இட்ட உத்தரவு 2016இல் உறுதியானது. தீர்ப்பு வந்து வருஷக்கணக்கில் ஆகியும் கடைசி மகள் தாயிடம் வந்து சேரவில்லை.

நம்ம ஊர்ப்பக்கம் ரோடு வரும், நிலம் போகும். அப்போது செமினி தீர்ப்பு தானாக வந்து காப்பாற்றாது. நில அலுவலகத்தில் விசாரணை முடிந்ததும் பாரம் ஜி (தொகை முடிவு), பாரம் எச் (தொகை தருவதாக நோட்டீஸ்) வரும். எச்-இல் 'ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று குறிக்க வேண்டும். காசு கைக்கு வந்த சந்தோஷத்தில் வெறுமனே கையெழுத்துப் போட்டால் பிறகு வழக்குக்கு வழி அடைபடும். அடுத்தது பாரம் என் (ஆட்சேப விண்ணப்பம்). இதை நேரே கோர்ட்டில் கொடுப்பதில்லை. நில நிர்வாகியிடம் கொடுத்தால் அவர் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்புவார். விசாரணைக்கு நீங்களோ உங்கள் ஆளோ போயிருந்தால், முடிவு சொன்ன நாளிலிருந்து ஆறு வாரம்தான் கெடு. எம்பி ஆபீசுக்கு மனு கொடுத்துக் காத்திருப்பதில்தான் பெரும்பாலும் இந்தக் கெடு ஓடிப்போகிறது.

பாரம் என்-இல் நான்கு விஷயங்களைத்தான் எழுப்பலாம்: நிலத்தின் அளவு, தொகை, யாருக்குச் சேரும், எப்படிப் பங்கு. நிலத்தை எடுத்ததே தப்பு என்றால் அது தனி. நீதிமுறை மறு ஆய்வுக்கு (அரசு முடிவு சட்டப்படியானதா என்று கோர்ட் பார்ப்பது) மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

தோட்டத்து லய வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தப் பாதை அநேகமாக இல்லை. உரிமையாளர் விருப்பப்படி குடியிருப்பவரை 'அக்கறையுள்ளவர்' (நஷ்டஈடு கோரக்கூடியவர்) என்ற வரையறையிலிருந்து சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. 40டி போனாலும் அந்த வரி அப்படியேதான் இருக்கிறது.