வர்ஜில்ஸ் ரூட் பீர்: ஜில்லிப்பு தணிந்த பிறகுதான் ருசி

ரூட் பீர் ருசி பார்க்கும் வரிசையில் இந்த முறை வர்ஜில்ஸ். பெயரில்தான் பீர், போதை கிடையாது. வேர், பட்டை, மசாலா வாசனை சேர்த்த அமெரிக்க சோடா. இதில் சேரும் பொருள்களைப் படித்தால் பாதி நம் அஞ்சறைப்பெட்டி: பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், அதிமதுரம். கூடவே ஆனிஸ் (சோம்பு மணமுள்ள விதை), வனிலா, மொலாசஸ் (சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கரும்பாகு), விண்டர்கிரீன் (ஒரு மணச்செடி), ஸ்வீட் பிர்ச் (ஒரு மரம்).

நம்மவர்கள் பலர் முதல் மடக்கிலேயே "ஐயோ, வலித் தைலம்!" என்று டம்ளரைக் கீழே வைத்துவிடுவார்கள். மூக்கு பொய் சொல்லவில்லை. விண்டர்கிரீன், பிர்ச் இரண்டிலும் மணப்பது மெத்தில் சாலிசிலேட்; தைலத்தில் இருப்பதும் அதுதான். இங்கே அமெரிக்காவில் பிள்ளைகள் அதே வாசனையைச் சூயிங்கத்தில் மென்று வளர்கிறார்கள். பழைய ரூட் பீருக்கு உயிராக இருந்தது சாஸஃப்ராஸ் மரத்தின் வேர்ப்பட்டை. அதிலுள்ள சாஃப்ரோல் எலிகளுக்குக் கல்லீரல் புற்றுநோய் தந்ததால் 1960-ல் அமெரிக்காவில் உணவில் சேர்க்கத் தடை வந்தது. இன்றைய ரூட் பீர்களில் விண்டர்கிரீன் தூக்கலாக இருக்க அதுவும் ஒரு காரணம்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் அகலமான கண்ணாடி டம்ளரில் ஊற்றினேன். கரும்பழுப்பு நிறம், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஓரத்தில் சிவப்பு தெரிகிறது. ஜில்லென்று குடித்தபோது கேஸின் சுருக்கும் இனிப்பும் தைல வாசனையும்தான் தெரிந்தன. பாதியை அப்படியே மேஜையில் விட்டுவிட்டேன். டம்ளரில் வியர்த்திருந்த நீர் காய்ந்த பிறகு குடித்தால், வேறு பானம்! முதலில் ஆனிஸ், நடுவில் வனிலா, மொலாசஸின் மெல்லிய கசப்பு. விழுங்கி வெகுநேரம் கழித்தும் தொண்டையில் அதிமதுரம் இனிக்கிறது. குளிர்ச்சி மணத்தை அடக்கிவிடும். ரூட் பீரை மதிப்பிட இதுவே சரியான வழி என்று உறுதியாகச் சொல்வேன்.

நன்னாரி சர்பத் பிடித்தவர்களுக்கு ஒரு செய்தி. நன்னாரி வேருக்கு மணம் தரும் பொருள், வனிலாவின் வனிலின், விண்டர்கிரீனின் மெத்தில் சாலிசிலேட், மூன்றுக்கும் மூலக்கூறு வாய்பாடு ஒன்றே: 8 கார்பன், 8 ஹைட்ரஜன், 3 ஆக்சிஜன். அணுக்கள் அடுக்கப்பட்ட விதம் மட்டும் வேறு. இது தெரிந்தபின் குடித்துப் பாருங்கள், அந்தத் தைல வாசனை மேல் இருக்கும் கோபம் குறைந்துவிடும்.

என் மதிப்பெண் 10-க்கு 8. வனிலா ஐஸ்கிரீம் போட்டு ஃப்ளோட்டாகவும் குடித்தேன். பிரமாதம், ஆனால் மசாலாவின் நுணுக்கம் அதில் அமுங்கிப்போகிறது. அடுத்தது மில்வாக்கி நகரின் ஸ்ப்ரெக்கர் ரூட் பீர். அதில் தேன் சேர்க்கிறார்கள்.