வாசிப்புச் செயலி எது? முதலில் பத்துப் புத்தகங்களைத் தேடிப் பாருங்கள்

வாசித்த புத்தகங்களைப் பதிந்து மதிப்பிட உதவும் குட்ரீட்ஸிலோ ஸ்டோரிகிராஃபிலோ கணக்குத் தொடங்கும் முன், கடைசியாக வாசித்த பத்துப் புத்தகங்களை ஒரு தாளில் எழுதுங்கள். பிரபலமானவை மட்டும் போதாது. சிறு பதிப்பகத்தின் கவிதைத் தொகுப்பு, ஒரு மொழிபெயர்ப்பு, ஐஎஸ்பிஎன் (புத்தகத்தின் அடையாள எண்) இல்லாத பழைய பதிப்பு எல்லாம் இருக்கட்டும். பிறகு ஒவ்வொன்றையும் தமிழ் எழுத்தில் ஒருமுறை, ஆங்கில எழுத்தில் ஒருமுறை தேடுங்கள். பாதிகூடக் கிடைக்கவில்லையென்றால், அங்கே வாசிப்பைவிடத் தட்டச்சுக்குத்தான் அதிக நேரம் போகும். நண்பர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

தமிழ்த் தலைப்புகளுக்குப் பொதுவாக குட்ரீட்ஸில்தான் பதிவுகள் அதிகம். ஆனால் ஒரே நாவல் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் தனித்தனிப் பதிவாகக் கிடக்கும். மதிப்பீடுகளும் அதற்கேற்பச் சிதறும். அவற்றை ஒன்றாக்கும் உரிமை அங்கே 'நூலகர்' எனப்படும் தன்னார்வலர்களுக்கு மட்டுமே. அரை நட்சத்திரம் தர வழியில்லை. 2013-ல் அமேசான் கைக்கு வந்த தளம் என்பதால் கிண்டில் கணக்கோடு இணைத்துக்கொள்ளலாம். கிண்டிலிலேயே பெரும்பாலும் வாசிப்பவருக்கு இது ஒன்றே போதுமான காரணம்.

நாடியா ஒடுனாயோ உருவாக்கிய ஸ்டோரிகிராஃப் வேறு மாதிரி. கால் நட்சத்திரம்கூடத் தரலாம். பாதியில் விட்ட புத்தகத்தை 'வாசித்தது' கணக்கில் சேர்க்காமல் தனியாகக் குறிக்கலாம். ஆண்டு இலக்கைப் புத்தக எண்ணிக்கையில் மட்டுமல்லாமல் பக்கங்களிலோ, ஒலிப்புத்தகம் கேட்பவராக இருந்தால் மணிக்கணக்கிலோ வைக்கலாம். இது சின்ன விஷயமல்ல. எண்ணிக்கை இலக்கு வைத்தால் டிசம்பரில் 90 பக்கக் குறுநாவல்களைத் தேடி ஓடுவோம். 800 பக்க நாவல் அலமாரியிலேயே இருக்கும். கூட்டு வாசிப்பில் ஒருவர் 120-ஆம் பக்கத்தில் எழுதிய கருத்து, நீங்கள் அந்தப் பக்கத்தைத் தொடும்வரை திறக்காது. கதை முன்பே தெரிந்துவிடுமே என்ற பயம் வேண்டாம். அரட்டைக்கு மட்டும் இது ஏற்ற இடமல்ல.

வீட்டு நூலகத்தைப் பட்டியலிட நினைப்பவர்களுக்கு 2005-லிருந்து இயங்கும் லைப்ரரிதிங். அமெரிக்க காங்கிரஸ் நூலகம் உட்படப் பல நூலகங்களின் அட்டவணையிலிருந்து விவரங்களை எடுத்துக்கொள்ளும். ஒரு சிக்கல்: அந்த நூலகம் தமிழ்த் தலைப்புகளை ஆங்கில எழுத்தில், தன் ஒலிபெயர்ப்பு முறையில்தான் எழுதும். 'சிறுகதைகள்' அங்கே 'எஸ்' (s) எழுத்தில் தொடங்காது, 'சி' (c) எழுத்தில் தொடங்கும். 'த'வுக்கு வெறும் 'டி' (t), 'எச்' (h) சேராது. நாம் பழகிய எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு, இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

விளம்பரமே வேண்டாம், மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்தில் இருப்பவர்களும் நம் மதிப்புரையைப் படிக்க வேண்டும் என்றால், தனித்தனிச் சேவையகங்களில் இயங்கும் புக்விர்ம். மேற்கோள், குறிப்பு, மதிப்புரை மூன்றும் அங்கே தனித்தனி வகைப் பதிவுகள். வாசித்தபடியே எழுதுபவருக்குப் பிடிக்கும். சிறிய சேவையகத்தில் சேர்ந்தால், அது மூடப்படலாம் என்பதை நினைத்து அவ்வப்போது தரவை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இடம் மாறும்போதுதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். குட்ரீட்ஸ் பட்டியலை இறக்க, உலாவியில் தளத்தைத் திறந்து 'மை புக்ஸ்' பக்கத்தில் 'இம்போர்ட் அண்ட் எக்ஸ்போர்ட்' செல்லுங்கள். கிடைக்கும் சிஎஸ்வி (அட்டவணைத் தரவு) கோப்பை எக்செலில் இரட்டைச் சொடுக்கில் திறந்து சேமித்தால் தமிழ் எழுத்துகள் குப்பையாகிவிடும். அது யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் இருப்பதை எக்செல் பல நேரம் தானாகக் கண்டுகொள்வதில்லை. மூலக் கோப்பைத் தொடாமல் அப்படியே புதிய தளத்தில் பதிவேற்றுங்கள். பார்த்தே ஆகவேண்டுமென்றால் ஒரு நகலை கூகுள் ஷீட்ஸில் திறக்கலாம். மறுவாசிப்புகளின் எல்லாத் தேதிகளும் அந்தக் கோப்பில் வராது, ஒரே ஒரு வாசித்த தேதிதான் இருக்கும். முக்கியமானவற்றை முன்பே குறித்து வையுங்கள். ஏற்றி முடித்ததும் பழைய தளத்திலும் புதிய தளத்திலும் உள்ள புத்தக எண்ணிக்கையை ஒப்பிடுங்கள்: விடுபட்டவற்றில் பெரும்பாலானவை ஐஎஸ்பிஎன் இல்லாத தமிழ்ப் புத்தகங்களாக இருக்கும். அவற்றைக் கையால் சேர்த்த பிறகே பழைய கணக்கை அழியுங்கள்.